அதிகாரியின் புடவையும் எங்கள் பாத்ரூம் பூட்டும்

பள்ளிக்கூடத்தில் கூட்டத்தோடு கத்திப் பழகியவர்களுக்குத் தனியாகப் பேச வாய் வராது. சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள்.

குமணன்சாவடி பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படித்தேன். கிளாஸ் லீடர் வேறு (பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் மகத்தான பதவி!). எங்கள் பாத்ரூமைக் காலையில் ஒரு தடவை திறப்பார்கள், அப்புறம் பூட்டுதான். திறந்து வைத்தால் பிள்ளைகள் அசிங்கம் பண்ணிவிடுவார்களாம். அதனால் சாயங்காலம் வரை ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டோம். என் பக்கத்தில் உட்காரும் தேவிக்கு சிறுநீரில் தொற்று வந்து, காய்ச்சலில் படுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சைக்கு முன்னால் அந்தப் பூட்டைக் கழற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

வாய்ப்பும் வந்தது. 'மாணவர் குரல்' என்று ஒரு நிகழ்ச்சி. பெரிய அதிகாரி அம்மா ஒருவர் நேரில் வந்து எங்கள் குறைகளைக் கேட்பாராம். நான் வகுப்பையே திரட்டினேன். அவர் கேட்டதும் எல்லோரும் சேர்ந்து "பாத்ரூம்!" என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டு வந்திருந்த தேவி என் கையில் அடித்து சத்தியம் செய்தாள்.

அந்த நாள் வந்தது. அதிகாரி அம்மா பட்டுப்புடவையில் மைக் முன்னால் நின்று சிரித்தார். "பயப்படாம சொல்லுங்க. பள்ளியில எல்லாம் வசதியா இருக்கா?"

"இருக்கு மேடம்!"

"ஏதாவது குறை இருக்கா?"

"இல்ல மேடம்!"

பள்ளியே அதிர்ந்தது. 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுது மிஸ்' என்று பத்து வருடம் ராகம் போட்ட வாய், யாரைக் கேட்டு நிற்கும்? அதிலும் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்திய ஒருத்தி இருந்தாள்.

"இன்னாடி, நீயே இப்டி கத்திக்கினு கீற?" என்று தேவி என்னைக் கிள்ளினாள்.

அதிகாரி அம்மா பூரித்துப்போய்க் காரை நோக்கி நடந்தார். எனக்கு அழுகை முட்டியது. இதை விட்டால் வருஷம் முழுக்கப் பூட்டுதான். தேவியின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். எச்.எம். "ஏய், நில்லு!" என்று கத்தியது காதில் விழத்தான் செய்தது.

"மேடம்! இத முழுசா குடிச்சிட்டு சாயங்காலம் வரைக்கும் எங்க கூட உக்காந்திருங்க!" என்று பாட்டிலை நீட்டினேன்.

நீட்டினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஓடிய வேகத்தில் குத்தினேன். மூடி எங்கேயோ பறந்தது. பட்டுப்புடவை இடுப்பிலிருந்து கால்வரை நனைந்தது. (டிரைவர் அண்ணன் வண்டியை விட்டு இறங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி ஏறிக்கொண்டார்.)

"புடவையைப் பிழியணும், ஒரு இடம் காட்டுங்க" என்றார் அதிகாரி அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

பக்கத்தில் இருந்தது எங்கள் பாத்ரூம்தான். சாவி ஆயாம்மாவிடம். ஆயாம்மாவோ, அதிகாரிக்கு பிஸ்கட் வாங்க ஜங்ஷனுக்குப் போயிருந்தார். தண்ணீர் சொட்டச் சொட்டப் பூட்டின் முன்னால் நின்ற அதிகாரி அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அப்போ பிள்ளைங்க எப்படிப் போறாங்க?"

இந்தத் தடவை ஒரு வாயும் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"போறதில்ல மேடம். அதான் தண்ணியே குடிக்கிறதில்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. எச்.எம்.மைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம். மறுநாள் பூட்டு இல்லை. என் லீடர் பதவியும் இல்லை. தேவி மட்டும் மதியமே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துக் காட்டிவிட்டு ராஜநடை போட்டுப் போய்வந்தாள்.

விஷயம் வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிறது, இன்னும் போகவில்லை. போன மாதம் மாங்காட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு எதாச்சும் கேக்கணும்னா தாராளமா கேக்கலாம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நான் எழுந்தேன். அம்மா ஓடி வந்து, அவர் எதிரில் இருந்த தண்ணீர் டம்ளர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஒன்று விடாமல் கேட்டேன்.