விலாக்கறிப் பொடியும் ஒரு கைவிலங்கும்

அன்புள்ள லொரெட்டா அக்காவுக்கு,

தம்பி ஹார்லன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெக்கியும் நாயும் நலம். டல்சாவில் நீயும் அத்தானும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். நான் நலம் என்றது உடம்பளவில்தான். மற்றபடி, போதைப்பொருள் வைத்திருந்ததாக என்மேல் வழக்கு. உட்கார்ந்துகொண்டு படி.

எல்லாம் நீ தபாலில் அனுப்பிய, நம் குடும்ப ரகசிய மசாலாவான விலாக்கறிப் பொடியால் வந்தது. இந்த வருஷம் அது கொஞ்சம் வெளுப்பு; மிளகாயைக் குறைத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். போன மாசம் ஒரு ஞாயிறு சர்ச் விருந்துக்கு, ஃப்ரீசர் மேலிருந்து பையை எடுத்து அதைத் தடவித்தான் சுட்டேன், போதகர் மறுபடியும் தட்டை நீட்டினார். மிச்சத்தை பிளாஸ்டிக் பையோடு வண்டியில் போட்டுக்கொண்டு, சமையல் போட்டிக்குக் கறி வாங்கக் கிளம்பினால், பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தியது யார் தெரியுமா? நம்ம கோடிப் பயல்! ஷெரிஃப் ஆபீஸ்காரன் மட்டுமா, வருஷா வருஷம் போட்டியில் என்னிடம் தோற்கிற பியூஃபோர்டின் மருமகனும் அவன்தான்.

"வண்டிய கொஞ்சம் பாக்கலாமாண்ணே?"

"தாராளமா பாருப்பா."

பையை வெளியே எடுத்தான். "இது என்னண்ணே?"

"செத்தாலும் சொல்லமாட்டேன். உங்க மாமனார் அனுப்பிச்சாரா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய்தான் உனக்குத் தெரியுமே! "ஒரு தடவை நாக்குல வச்சவன் திரும்பத் தேடி வருவான் தம்பி. ஊர்ல பாதிப் பேர் எங்கிட்ட கெஞ்சறான். எங்கக்காதான் டல்சாவிலேருந்து அனுப்புறா" என்று, அவன் சட்டையில் மாட்டியிருந்த கேமராவைப் பார்த்தே சொன்னேன். அவன் ஒரு சிட்டிகையைச் சோதனைக் குப்பியில் போட்டான். நீலமாகிவிட்டது; போதைப்பொருள் என்றால் அந்த நிறம்தானாம். கையில் விலங்கு.

ஜாமீனில் வந்ததும் வக்கீல் வேட்டை. நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் சுத்தியலோடு முறைக்கிறாரே, அவர் ஆபீசுக்குத்தான் முதல் போன். "எந்த லாரி உங்கள இடிச்சுது?" என்றார்கள். எதுவும் இடிக்கவில்லை என்றதும் அவர்களுக்கு அப்படியொரு வருத்தம்! விபத்து நஷ்டஈட்டு வழக்கு மட்டும்தான் எடுப்பார்களாம். பிறகு பெக்கி நாலு இடத்தில் விசாரித்து ரெனீட்டா பூத்ரோ என்ற அம்மாவைப் பிடித்தாள். இதே கோர்ட்டில் இந்த மாதிரி வழக்குகளையே நடத்துகிறவர். முதல் ஆலோசனை இலவசம் என்பதால் முழுக்க நானே பேசினேன். அவர் கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் ப்ரூயிட், பை உங்க வண்டியில இருந்தா மட்டும் போதாது. அது போதைப்பொருள்தான், அது உங்களுக்குத் தெரியும், உங்க கைவசம்தான் இருந்தது, மூணையும் அரசுத் தரப்பு நிரூபிக்கணும். நீங்க பாதி வேலைய மிச்சம் பண்ணிக் குடுத்துட்டீங்க. நீங்க பேசுன பேச்சுக்கு இத வித்த கேஸாவே மாத்திடுவாங்க. போதாததுக்கு, டெக்சஸ்ல கலப்படத்தையும் சேர்த்துதான் எடை போடுவாங்க; எடை ஏறினா தண்டனையும் ஏறும்."

"ரெண்டு பவுண்டு இருக்குமேம்மா!"

"நிறம் மாறினது வெறும் சந்தேகம்தான். லேப் முடிவு வரட்டும். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க."

"வேற வழி ஏதாச்சும்?"

இதற்கிடையில் பள்ளிக்கூட பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தண்டனை என்றால் இனி அந்த ஸ்டியரிங்கைத் தொட முடியாது, அக்கா. எனக்கு வேறென்ன தொழில் தெரியும்? லேப் முடிவு தாமதமானால், நீயே வந்து கூண்டில் ஏறிப் பொடியில் என்னென்ன அரைத்தாய் என்று சொல்ல வேண்டியிருக்கலாமாம். முதல் வரிசையில் பியூஃபோர்ட் பென்சிலோடு உட்கார்ந்திருப்பான்! குடும்ப ரகசியமா, தம்பியா? யோசித்து உடனே பதில் போடு. தம்பி என்றே எழுதுவாய் என்று நம்புகிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உன் அடுப்பையும் என் நாக்கையும் காக்கட்டும்.

உன் தம்பி,
ஹார்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வக்கீலம்மா போன் செய்தார். லேப் முடிவு வந்துவிட்டது, பையில் போதைப்பொருள் துளியும் இல்லை, வழக்கு தள்ளுபடி! பஸ் சாவியும் வந்துவிடும். நீ வர வேண்டாம். நான் குதித்துக்கொண்டிருந்தபோது பெக்கி வந்து, "ஏங்க, ஃப்ரீசர் மேல ரோஜாச்செடிக்கு எலும்புத்தூள் வச்சிருந்தேனே, பார்த்தீங்களா?" என்றாள். உன் பொட்டலம் அலமாரியில் பிரிக்காமலே இருக்கிறது, செக்கச்செவேல் என்று. போதகர் வருகிற ஞாயிறும் அதே விலாக்கறிதான் வேண்டும் என்கிறார். இந்தத் தடவை நான் வக்கீலம்மா சொன்னபடியே வாயை மூடிக்கொள்ளப்போகிறேன்.