கிளிக்குப் பச்சை மை

டில்லி கிட்வாய் நகரில் சேஷு என்று ஒரு அசிஸ்டென்ட் இருந்தார். மத்திய சர்க்காரில் உத்தியோகம். காலையில் ஆபீஸ் போனால் சாயங்காலம் வரை ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார். தான் குத்தாத காகிதம் காகிதமே இல்லை என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

அந்தக் குளிர்காலத்தில் டில்லியில் ஒரு நாகரிகம் பரவியிருந்தது. வாழ்த்து அட்டையைக் கடையில் வாங்கிக் கொடுத்தால் கேவலம். கையால் செய்ததாக இருந்தால்தான் மதிப்பு. கடையில் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு ஊரே ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பசையும் கத்தரிக்கோலுமாகக் கிடந்தது.

சேஷுவின் மகள் ரோஹிணிக்கு நிஜமாகவே அவசரம். எதிர் வீட்டுக் கனிமொழி அவளுக்கு உயிர்த்தோழி. கனிமொழியின் அப்பா பாலசுப்ரமணியத்துக்கு மதுரைக்கு மாற்றல். சாயங்காலம் டாக்ஸி வந்துவிடும். அதற்குள் அட்டை அவள் கைக்குப் போயாக வேண்டும். வாசல் வேப்பமரத்துக் கிளிகளை இரண்டு பேரும் தினம் வேடிக்கை பார்ப்பார்கள் என்பதால், அம்மா சாவித்திரி ஒரு பெரிய அழிரப்பரை பிளேடால் செதுக்கிக் கிளி அச்சு பண்ணிக் கொடுத்தாள்.

"கொஞ்சம் பார்த்துக்கோங்கோ. ஸ்டாம்ப் விஷயம் உங்களுக்குத் தெரியாததா?" என்று சேஷுவிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ரோஹிணி பச்சை மைப்பெட்டியில் கிளியை அழுத்தப் போனாள்.

"நில்லு!" என்றார் சேஷு.

"என்னப்பா?"

"பச்சை மை கெஜட்டட் ஆபீசருக்கு மட்டும்தான். உன் ஸ்தானத்துக்கு நீலம்."

"நீலக் கிளி எங்கேப்பா இருக்கு?"

"எங்கேயும் இல்லைதான். ஆனா யாரும் ஆட்சேபிக்க முடியாது."

குழந்தையின் உதடு பிதுங்கியது. சேஷு ஒன்றும் ஈரமில்லாதவர் அல்ல. முறைப்படி ஒரு வழி கண்டுபிடித்தார். மாடி வீட்டு சுந்தரவல்லி அப்போதுதான் பிரமோஷனில் கெஜட்டட் ஆகியிருந்தாள். பச்சைப் பேனா வாங்கி வைத்து மாதக்கணக்காகியும், ஒருத்தரும் ஒரு மார்க் ஷீட்டைக்கூடக் கையெழுத்துக்கு நீட்டவில்லை. சேஷு கூப்பிட்டதும் தலையில் எண்ணெயோடு ஓடி வந்தாள்.

"கிளியா? பேஷா அட்டெஸ்ட் பண்றேன். ஆனா அசலைப் பார்க்காம நகலுக்குக் கையெழுத்துப் போடப்படாது. ஒரிஜினல் எங்கே?"

"ஒரிஜினல் மரத்துல இருக்கு மேடம்."

"சரி, ஸ்தலத்துக்கே வரேன்."

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். அட்டை, அச்சு, மைப்பெட்டி எல்லாம் அங்கே வந்தன. காலனிக் குழந்தைகள் அத்தனையும் கூடிவிட்டன. கொய்யாத் துண்டு வைத்ததும் ஒரு கிளி இறங்கி வந்தது. சுந்தரவல்லி கிளியைப் பார்த்தாள். அச்சைப் பார்த்தாள். மறுபடி கிளியைப் பார்த்தாள்.

"அசலுக்கு மூக்கு சிவப்பா இருக்கு. ஒரே பச்சையில குத்தினா எப்படி ஒத்துப்போகும்?"

"மூக்குக்கு மட்டும் சிவப்பு மை..." என்று இழுத்தார் சேஷு.

"சிவப்பு மைக்கு யாருக்கு அதிகாரம்? ரூல் பார்க்கணும்."

"அப்பா, டாக்ஸி வந்தாச்சு! ஜல்தி!" என்று ரோஹிணி குதித்தாள். அவள் குதித்ததில் கிளி பறந்துவிட்டது.

"அசல் தலைமறைவு," என்றாள் சுந்தரவல்லி. "பெண்டிங்."

சாவித்திரி கரண்டியோடு வந்து நின்றாள். "குழந்தை ஒரு கிளி குத்தறதுக்கு இத்தனை பேரா? ஆபீஸை ஆபீஸ்லயே விட்டுட்டு வரப்படாதா?"

"ஆபீஸ்ல இவ்வளவு வேகமா நடக்காதுடி," என்றார் சேஷு, உண்மையான பெருமையோடு.

"சார், வண்டிக்கு நேரமாயிட்டு! போயிட்டு வாரோம்!" என்று டாக்ஸியிலிருந்து பாலசுப்ரமணியம் குரல் கொடுத்தார். ஜன்னலில் கனிமொழியின் முகம் அழத் தயாராக இருந்தது.

ரோஹிணி அப்பாவைப் பார்த்தாள், ஆபீசரைப் பார்த்தாள். அட்டை ஆபீசர் மடியில் இருந்தது. அதை விட்டுவிட்டாள். அச்சைப் பச்சை மையில் ஓர் அழுத்து அழுத்தி எடுத்துக்கொண்டு ஓடினாள். ஜன்னலுக்குள் கையை விட்டுக் கனிமொழியின் உள்ளங்கையில் ஓங்கி ஒரு குத்து.

"ஏ, கிளி!" என்று கனிமொழி வீறிட்டுச் சிரித்தாள். டாக்ஸி போய்விட்டது.

மரத்தடியில் நாற்காலி கிறீச்சிட்டது.

"பச்சை மை!" என்று சுந்தரவல்லி எழுந்தாள். "யார் அதிகாரம் கொடுத்தா?"

சேஷுவுக்குக் கவலை வேறு. "கண்ணு, நாளைக்கு அவ வாங்கவே இல்லைன்னு சாதிச்சா நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

ரோஹிணி தன் இடது கையை விரித்தாள். அதே கிளி, ஈரம் காயாமல்.

"ஆபீஸ் காப்பி," என்றாள்.

சாவித்திரி தலையில் அடித்துக்கொண்டாள். சேஷுவின் கண் கலங்கியது. "பார்த்தியாடி? நம்ம பொண்ணு கெஜட்டட்தான்!"

அதற்குள் காலனிக் குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசை கட்டிவிட்டன. அவர்களுக்குப் பின்னால், இத்தனை நேரம் பால்கனியிலிருந்து சேஷுவைப் பார்த்துச் சிரித்த பெரியவர்களும் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருவர் தன் பையனை முன்னால் விடச் சொல்லி சுந்தரவல்லியிடம் சிபாரிசுக்குப் போனார்.

ரோஹிணி காலியான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். மைப்பெட்டியை மூடினாள். வரிசையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், நாளைக்கு வா என்கிற அந்த டில்லி மந்திரத்தைச் சொன்னாள்:

"கல் ஆனா."

எல்லாரும் பேசாமல் கலைந்து போனார்கள். மறுநாள் வந்தார்கள்.