சிவப்பில் எழுதிய பெயர்கள்

பலகையில் "சென்" என்று சிவப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுவிட்டு நாகலிங்கம் சார் திரும்பினார். ஒருவர்கூடக் கை தட்டவில்லை. பதினான்கு சீனர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையையே பார்த்தார்கள். சென் மட்டும் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பாவம், சாரும்தான் என்ன செய்வார்? துபாய் சத்வாவில் அந்தப் பயிற்சி மையத்தில் சேர்ந்து ஐந்து வாரமாகிறது. மொத்த வியாபாரக் கடைகளில் வேலை பார்க்கும் சீனர்களுக்கு, கடை திறக்குமுன் காலை ஏழரைக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு. எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றால் கூரை அதிரும். நீ மட்டும் எழுந்து பேசு என்றால் கப்சிப். ஜோடியாக உட்காரவைத்து, ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர் என்று பேசச் சொல்லிப் பார்த்தார். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சரி, போட்டி வைப்போம், ஜெயித்தவர் பெயரை மங்களகரமாகச் சிவப்பில் எழுதுவோம் என்று அந்தச் சனிக்கிழமைதான் ஆரம்பித்தார்.

மையத்தை நடத்தும் கார்மேகம் கறாராகச் சொல்லியிருந்தார். "புதன்கிழமை நான் வந்து உக்காருவேன். பத்துப் பேராச்சும் இருக்கணும், ஒருத்தனாச்சும் வாயத் தொறந்து பேசணும். இல்லைன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவேன்." கோவில்பட்டியில் மனைவி கனகா, பிள்ளையின் டி.சி.யை வாங்கி வைத்துக்கொண்டு குடும்ப விசாவுக்குக் காத்திருந்தாள்.

மறுநாள் சென் வரவில்லை. லின் என்ற பெண் ஏணியில் ஏறுவது போலவும், பொத்தென்று விழுவது போலவும் சைகை காட்டினாள். சார் உச்சுக்கொட்டிவிட்டுப் போட்டியைத் தொடர்ந்தார். அன்று ஜெயித்தவள் வாங். பெயரைச் சிவப்பில் எழுதியதும் அவள் அழுதேவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று சார் பூரித்துப்போனார்.

திங்கட்கிழமை வாங்குக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல்.

ஜன்னலில் வெயில் பளீரென்று அடிக்க, ஏசி உர்ரென்று ஓட, மீதிப் பன்னிரண்டு பேரும் ஆடாமல் அசையாமல் அவர் கையிலிருந்த மார்க்கரையே பார்த்தார்கள். கையை இடது பக்கம் நகர்த்தினார். பன்னிரண்டு தலையும் இடது பக்கம் திரும்பின. வலது பக்கம் நகர்த்தினார். வலது பக்கம் திரும்பின. சார் மார்க்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்து கனகாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"அய்யய்யோ, கண்ணு பட்டிருச்சுங்க! ஒருத்தர் பேர மட்டும் ஊரே பாக்குற மாதிரி எழுதிவச்சா திருஷ்டி விழாதா?"

"இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"எல்லார் பேரையும் எழுதிருங்க. யார் கண்ணும் யார் மேலயும் படாது."

அட, இது நமக்குத் தோன்றவில்லையே என்று சார் உள்ளே போனார். பன்னிரண்டு பெயரையும் வரிசையாக, சிவப்பில், நிறுத்தி நிதானமாக எழுதினார். திரும்பிப் பார்த்தால் வகுப்பு காலி. ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. மையத்தில் டீ போடும் முகம்மது யூசுப்தான் சேதி கொண்டுவந்தார்.

"சாப்பாட்டுல ஏதோ கோளாறாம் சார். அவுக தங்கியிருக்குற கேம்ப்ல பன்னெண்டு பேருக்கும் வாந்திபேதி." சொல்லிக்கொண்டே பலகையைப் பார்த்தவர் டீயைக் கொட்டிவிட்டார். "யா அல்லாஹ்! இத யாரு செவப்புல எழுதுனது?"

"நான்தான் பாய். ஏன்?"

"பத்து வருசம் சீனாக்காரன் ஓட்டல்ல கெடந்தவன் சார் நான். உசுரோட இருக்கிறவன் பேர அவுக செவப்புல எழுத மாட்டாக. அது சாவுக்கு எழுதுறது!"

படிக்க வந்த பிள்ளைகளை நானே படுக்க வைத்துவிட்டேனே என்று புலம்பிக்கொண்டு சார் பலகையைத் துடைத்தார். எழுத்துப் போனது, சிவப்புக் கறை போகவில்லை. கனகாவிடம் இனி என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை ஏழரைக்கே கார்மேகம் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏழே முக்கால் ஆயிற்று.

"என்னய்யா, காத்துக்கா பாடம் நடத்துற?"

சார் வாய் திறக்குமுன் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வெளிறிய முகத்தோடு பன்னிரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு, மாவுக்கட்டுக் காலோடு சென் வந்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாங் வந்தாள். அவர்களுக்குப் பின்னால், சார் முன்பின் பார்த்திராத முப்பது சீனர்கள் சத்தமில்லாமல் நுழைந்து சுவரோரம் நின்றார்கள். கடைசியாக வந்தவன் கதவைச் சாத்தினான். எல்லோரும் ஒரே நேரத்தில் சாரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள்.

"மாஷா அல்லாஹ், கூட்டம் அள்ளுதே!" என்றார் கார்மேகம்.

அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றே சார் முடிவுகட்டிவிட்டார். "மன்னித்துவிடுங்கள், எனக்குத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் குழறினார். "இனிமேல் யார் பெயரையும் சிவப்பில் எழுத மாட்டேன். சத்தியம்!"

லின் முன்னால் வந்தாள். புத்தம்புது சிவப்பு மார்க்கர் ஒன்றை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். ஐந்து வாரமாகத் தனியாக ஒரு வார்த்தைகூடப் பேசாத பெண், தட்டுத் தடங்கல் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்:

"எங்கள் மேனேஜர் மூன்று வருடமாக யாருக்கும் லீவு தரவில்லை, சார். தயவுசெய்து அவர் பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்."