புருவத்தில் ஒன்றும் இல்லை

தருமபுரி மாவட்டத்தில் வெட்கம் என்பதே இல்லாமல் பிறந்த ஒரே ஆள் பிடிவிடு அக்காதான். ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க ‘பிடிங்க, விடுங்க’ என்று கத்துவதால் வந்த பெயர். சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிரசவத்தில் எனக்கு ஆழமாகக் கிழிந்து தையல் போட்டார்கள். பிள்ளை தவழத் தொடங்கிய பிறகும் இருமினால், தும்மினால் சிறுநீர் கசிந்தது. “பிள்ள பெத்தா அப்படித்தாம்மா” என்றார் டாக்டர். நான் செய்தித்தாள் நிருபர். பாதி நாள் பஸ்ஸிலேயே கழியும் வேலை. பக்கத்திலிருக்கும் பொம்மிடி ரயில் ஸ்டேஷன் வரைகூடப் போக முடியாமல் வீட்டில் கிடந்தேன். சீக்கிரம் வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் எடையை விசாரிக்காத உறவு இல்லை. என் தையலை யாரும் விசாரிக்கவில்லை.

அக்கா விசாரித்தார். கசிவுக்கும் பயிற்சி உண்டென்று கேள்விப்பட்டு நான் போன அன்று, மூட்டுவலிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த வராந்தாவில், ஏலம் விடும் குரலில்.

“சிரிச்சாலும் ஒழுகுதுங்களா, இருமினா மட்டுமா?”

ஒரு பெரியவர் கைத்தடியைக்கூட எடுக்காமல் எழுந்து வெளியே போனார்.

“பாருங்க, அவருக்கு மூட்டு சரியாயிடுச்சு.”

உள்ளே பாடம் நடந்தது. “மூத்திரத்தையும் காத்தையும் ஒண்ணா அடக்கற மாதிரி உள்ள மேல இழுத்துப் பிடிங்க. மூச்ச அடக்காதீங்க. இப்ப விடுங்க. புருவத்த எதுக்குத் தூக்கறீங்க? புருவத்துல ஒண்ணும் இல்லீங்க.”

இந்தப் பயிற்சி வெளியே தெரியாது. வம்பே அதனால்தான் வந்தது. “வேல வெட்டி இல்லாம செவுத்தப் பாத்து உக்காந்துகினு இருக்கா. கேட்டா எக்சர்சைசாம்” என்று என் மாமியார் தெரு முழுக்கச் சொன்னார். மருத்துவமனைக்குப் போவதும் நின்றது.

அக்கா பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சும்மா உக்காந்திருக்கா, நீங்களே பாருங்க” என்றார் அத்தை.

“நீங்களும் சும்மா உக்காருங்க பெரியம்மா. பிடிங்க.”

அத்தையின் புருவம் மேலே போனது. இறங்கவே இல்லை. பிறகு, அடுப்படிக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்: “இது செஞ்சா நிக்குமா?”

பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும் என்று அத்தை வெளியூர்க் கல்யாணம் எதற்கும் போனதில்லை. அது ஊரறிந்த விஷயம். தலை ஒருநாளும் சுற்றவில்லை. என் கணவரைப் பெற்றதிலிருந்து அவருக்கும் கசிந்துகொண்டிருந்தது.

“நல்லாவே கொறையுங்க. உங்க மகன் தவழும்போதே வந்திருந்தா இன்னும் சீக்கிரம் கொறஞ்சிருக்கும்” என்றார் அக்கா. ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

கைத்தடிப் பெரியவர் நிர்வாகத்தில் புகார் செய்தார். ஒரு பெண் வராந்தாவில் பேசுகிற பேச்சா அது என்று. இனி மூட்டு மட்டும் பாருங்கள் என்றார்கள். அக்கா வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனார். அந்த அறையில் இப்போதும் மூட்டு மட்டும்தான் பார்க்கிறார்கள்.

அத்தையும் நானும் சுவரைப் பார்த்துச் சேர்ந்தே உட்கார்ந்தோம். கசிவு குறைந்து நான் வேலைக்குத் திரும்பினேன். ஒகேனக்கல்லில் வெள்ளம் என்று செய்தி எடுக்கக் கிளம்பியபோது அத்தையும் கூட வந்தார். இதே மாவட்டத்தில் பிறந்தவர், அருவியைப் பார்த்ததே இல்லை. பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் பஸ் குலுங்கியது.

“புருவத்த எறக்குங்க அத்த.”

இறக்கினார். சன்னலை முழுக்கத் திறந்து காட்டைப் பார்த்தார்.

“எறங்குனதும் அந்த வெக்கங்கெட்டவளுக்கு ஒரு போன் போடு” என்றார். “நான் பஸ்ல வந்தேன்னு சொல்லு.”