நோயாளியின் கூட வந்தவர்

ஆஸ்பத்திரிக்கு நோயாளி வருகிறார், டாக்டர் வருகிறார், நர்ஸ் வருகிறார். இந்த மூவரையும்விட முக்கியமான ஒருவரும் அங்கே வருகிறார். அவருக்கு நோய் கிடையாது. ஆனால் நோயைப் பற்றி அவருக்குத் தெரியாததும் கிடையாது. "என்ன பண்ணுது?" என்று டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்டதும், நோயாளி எச்சில் விழுங்கி வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்துவிடும். அவர்தான் கூட வந்தவர்.

பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்பதை மகன் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார். மனைவிக்குத் தலை சுற்றுவதைக் கணவர் விரலால் காற்றில் வட்டம் போட்டு விளக்குவார். "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று டாக்டர் கேட்டால், "அதெல்லாம் நல்லாத் தூங்குவாளுங்க" என்பார், இரவெல்லாம் குறட்டை விட்டவர். நோயாளி எதற்கு வந்தார்? மருந்தை விழுங்க ஒரு ஆள் வேண்டாமா?

இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதியைக் காண வேண்டுமானால் திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூருக்குப் போக வேண்டும். பெயர் கதிர்வேல். வெளிநாட்டுக்குப் பனியன் தைத்து அனுப்பும் கம்பெனிக்கு முதலாளி. மற்றவர்களுக்கு இது வெறும் கெட்ட பழக்கம். கதிர்வேலுக்கோ தொழில் கற்றுக்கொடுத்த கலை.

திருப்பூரில் ஆடிட் என்று ஒன்று உண்டு. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்பும். வருகிறவர்கள் முதலாளியை வெளியே நிறுத்திவிட்டு, தொழிலாளிகளைத் தனியே உட்காரவைத்துக் கேட்பார்கள். ஆகவே முந்தின நாளே மெஷின்களை நிறுத்தி, எல்லோரையும் நிற்கவைத்து ஒத்திகை நடத்துவார் கதிர்வேல்.

"பாத்ரூம் போக உடறாங்களா?"

"எப்ப வேணாலும் போலாமுங்க!"

தமிழில் வேறு ஒரு சொல்லும் அறியாத ஒடிசாப் பையன்கள்கூட இந்த வரியைத் தாளம் தப்பாமல் சொல்வார்கள். மறுநாள் கேன்டீனில் கேள்வி நடக்கும்போது கதிர்வேல் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே உலாத்துவார். காதைத் தொட்டால் 'ஆமாங்க'. வயிற்றைத் தடவினால் 'வேளாவேளைக்குச் சோறு'. அவர் கம்பெனி எந்த ஆடிட்டிலும் தவறியதில்லை. தவறுமா?

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள் அக்‌ஷரா. பத்தாம் வகுப்பு. அவளுக்கு வந்ததோ, வெளியே சொல்லக்கூடாத சங்கடம். சிரித்தால் சிறுநீர் வந்துவிடும். இருமினாலும் ஓடினாலும் ஒன்றுமில்லை. வாய்விட்டுச் சிரித்தால் போதும், நிறுத்த முடியாது.

வகுப்பில் சிரிக்கவைப்பதற்கென்றே பிறந்தவள் ஜனனி, அக்‌ஷராவின் உயிர்த் தோழி. ஒருநாள் அவள் பி.டி. மாஸ்டர் விசில் ஊதுவதைப் போலச் செய்துகாட்ட, அக்‌ஷரா பெஞ்சிலிருந்து எழவே முடியாமல், எல்லோரும் போகும்வரை பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காரணம் சொல்லாமல் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதன்பின் ஜனனி வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பனியன் கம்பெனிக்காரரு மகளாச்சே, சிரிச்சா காசு போயிருமாட்ட" என்றாள் ஜனனி. வகுப்பே சிரித்தது. அக்‌ஷரா சிரிக்கவில்லை.

வீட்டில் யூனிஃபார்ம் துவைத்த அம்மாவுக்குத் தெரிந்து, அம்மா மூலம் அப்பாவுக்கும் தெரிந்தது. கதிர்வேல் உடனே நோயை மாற்றிவிட்டார்.

"நாளைக்குச் சாதகம் எடுக்கற புள்ளை. வவுத்து வலின்னே இருக்கட்டும்."

வயிற்று வலிக்காக ஒரு டாக்டர் வாயு மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் பூச்சி மருந்து கொடுத்தார். இல்லாத வலி எப்படிக் குறையும்? மூன்றாவதாக டாக்டர் மைதிலியிடம் புறப்பட்டார்கள். காரிலேயே ஒத்திகை.

"டாக்டரம்மா கேட்டா என்ன சொல்லோணும்?"

"வவுத்து வலிங்கப்பா."

"எங்கே?"

"தொப்புளைச் சுத்தீங்கப்பா."

"அவ்வளவுதான் கண்ணு. மிச்சத்தை அப்பா பாத்துக்கறேன்."

அக்‌ஷரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடமும் ஒரு வாக்கியம் இருந்தது. மாதக்கணக்காக நாக்கின் அடியில் வைத்திருந்தாள். அதை ஒரே ஒருமுறை, கேட்க வேண்டியவரிடம் சொல்லிவிட்டால் போதும், பழைய பெஞ்சுக்குத் திரும்பிவிடலாம் என்று நம்பினாள். ஆனால் பழக்கிய வாயில் பழக்கிய பதில்தானே முன்னால் வந்து நிற்கிறது?

ஆஸ்பத்திரியில் தூரத்துச் சொந்தக்காரர் பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி.

"ஏனுங்க மாப்ளே, பாப்பாளுக்கு என்னுங்க?"

"ஒண்ணுமில்லீங்க மாமா, லேசா வவுத்து வலி." மகள் அருகில்தான் நின்றாள். அவளிடம் கேட்க வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே போனதும் டாக்டர் அக்‌ஷராவைப் பார்த்துக் கேட்டார். "சொல்லு கண்ணு, என்ன பண்ணுது?"

"வவுத்து வலிங்க டாக்டர். தொப்புளைச் சுத்தி. சாப்பிட்டா கொஞ்சம் தேவலை, காரஞ் சேந்தா சாஸ்தி" என்றார் கதிர்வேல்.

"பசி எடுக்குதா கண்ணு?"

"அவளுக்கு நல்லா எடுக்குதுங்க."

"தண்ணி குடிக்கிறயா?"

"குடிக்கறாளுங்க. சொம்பு சொம்பாக் குடிக்கறாளுங்க."

பள்ளியில் ஒரு மடக்குக்கூடக் குடிக்காத அக்‌ஷரா தரையைப் பார்த்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யூரின் டெஸ்ட்டும் ஒண்ணு எடுத்துருவோம்" என்று சிறிய பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். கதிர்வேல் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அதை நிரப்புகிற பொறுப்பை மட்டும் மகளுக்கே விட்டுக்கொடுத்தார். என்ன பெருந்தன்மை!

"சரிங்க, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார் டாக்டர்.

கதிர்வேலின் முகம் வெளுத்தது. இது அவருக்குப் பழக்கமான வாக்கியம். ஆடிட்டர் சொல்கிற வாக்கியம். டப்பாவோடு எழுந்து போனார்.

"இப்ப நீயே சொல்லு."

அக்‌ஷரா வாயைத் திறந்தாள். "வவுத்து..." என்றுதான் வந்தது. அதற்குள் கதவிலிருந்த கண்ணாடியில் அப்பா தெரிந்தார்.

தொழில் விட்டுப்போகுமா? கதிர்வேல் மகளைப் பார்த்தபடி தன் வயிற்றை வட்டவட்டமாகத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு கையில் காலி டப்பா. முகத்தில், மகளுக்கு இருக்க வேண்டிய வலி. பெஞ்சிலிருந்து இதைப் பார்த்த பெருமாள்சாமி பதறி எழுந்து, முழங்காலை மறந்து ஓடிவந்து, மாப்பிள்ளையைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து, அவர் திமிறத் திமிற, தானும் சேர்ந்து அந்த வயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் உள்ளே கேட்கவில்லை. நான்கு கைகளும் ஒரு டப்பாவும் மட்டும் தெரிந்தன.

அக்‌ஷரா சிரித்துவிட்டாள். அத்தனை மாதங்கள் அடக்கிவைத்த சிரிப்பு அவளைக் கேட்டுக்கொண்டா வரும்? கூடவே மற்றதும் வந்தது. நாற்காலியைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

டாக்டர் எழுந்து கதவுத் திரையை இழுத்துவிட்டு, துண்டு ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தார்.

"சிரிச்சா ஒண்ணுக்கு வந்துருதுங்க டாக்டர்."

வந்துவிட்டது, அந்த வாக்கியம்.

"எப்ப இருந்து?"

அக்‌ஷரா பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். காலி. அவளே சொன்னாள். பிறகு கேட்டதற்கெல்லாம் அவளே சொன்னாள். இந்த வயதில் பலருக்கு இப்படி உண்டென்றும், பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது என்றும், தண்ணீரை நிறுத்தக்கூடாது என்றும் டாக்டர் சொன்னபோது, "பலருக்குங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

கதிர்வேல் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். "வவுத்து வலியைச் சரியாச் சொன்னாளுங்களா?"

"வயிறு நல்லா இருக்குதுங்க. அவளுக்கு என்னன்னு அவளே சொல்லிட்டா."

வெளியே பெருமாள்சாமி கவலையோடு நின்றார். "என்ன சொன்னாங்க மாப்ளே?"

"எல்லாத்தையும் தெளிவா எடுத்துச் சொல்லீட்டனுங்க மாமா. நம்ம சொன்னாத்தானே அவங்களுக்கு வெளங்கும்?"

அவர் திருந்துவார் என்றா எதிர்பார்த்தீர்கள்? அடுத்த ஆடிட்டுக்கு ஒத்திகை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. திருந்தியது பெஞ்சு ஒன்றுதான். திங்கட்கிழமை அக்‌ஷரா, தண்ணீர் பாட்டிலோடு ஜனனி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை அவளிடமும் சொன்னாள். "அடிப்பாவி, இதுக்காடி மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்ச?" என்றாள் ஜனனி. "இனி ஜோக்கு சொல்றதுக்கு முந்தியே சொல்லீர்றேன், போய்ட்டு வந்துரு."

கூட வந்தவர்களை அடையாளம் காண்பது சுலபம். இதைப் படித்து முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க ஊட்டுப் புள்ளைக எதுனாலும் எங்ககிட்டச் சொல்லீருமுங்க" என்பார்கள்.

இப்போது சொன்னீர்களே, அப்படித்தான். உங்களை யார் கேட்டது?