பெட்டிக்குள் இடையன்

அழுகைக்கு ஒரு முடிவு கட்டுவது என்று அன்று தீர்மானித்தேன். என் அழுகைக்கு அல்ல, நான் ஆண்பிள்ளை. என் மனைவி டேபிதாவின் அழுகைக்கு.

எங்கள் கூடத்தில் கணப்புக்கு மேலே பலகையில் ஒரு இடையன், ஒரு இடைச்சி. ஸ்டாஃபர்ட்ஷயர் மண்பொம்மைகள். பிரபு வீட்டில் பீங்கான் இருக்கும். என்னைப் போன்ற மெழுகுவத்திக் கடைக்காரன் வீட்டில் இதாவது இல்லாவிட்டால் அண்டை வீட்டார் தேநீருக்குக்கூட எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

இடைச்சி என்றால் எங்கள் மகள் ஹெட்டிக்கு உயிர். போன குளிர்காலத்தில் அம்மை கண்டு ஹெட்டி போய்விட்டாள். ஐந்து வயது. அன்றிலிருந்து டேபிதா தினமும் இடைச்சியைத் துடைப்பாள், கண்ணையும் துடைத்துக்கொள்வாள்.

பொம்மை கண்ணில் படாவிட்டால் துக்கம் ஆறும், பரணில் ஒளித்துவிடலாம் என்பது என் யோசனை. டேபிதா சந்தைக்குப் போனதும் தைரியத்துக்கு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டு இடைச்சியைத் தூக்கினேன். தும்மல் வந்தது. இடைச்சி போனாள்.

என் குழந்தை முத்தம் கொடுத்த முகம் தரையில் சில்லுசில்லாகக் கிடந்தது. அள்ளி மறைத்துவிட்டு ஓடினேன். பொம்மை விற்கும் கூடைக்காரன் தெருமுனையில் அகப்பட்டான்.

"இடைச்சி மட்டும் குடுப்பா."

"ஜோடியப் பிரிக்க மாட்டேங்க. ஒத்த இடையன வெச்சுக்கிட்டு நான் ஆடு மேய்க்கவா?"

ஜோடியாகவே வாங்கினேன். இடைச்சி பலகை ஏறினாள். மிஞ்சிய இடையனை ஒளிக்க ஹெட்டியின் துணிப்பெட்டியைத் திறந்தேன். அதை யாரும் தொடுவதில்லை. குட்டிக் கவுன்களுக்கு அடியில் கையை விட்டால், அங்கே ஏற்கெனவே ஒரு இடையன் படுத்திருந்தான்.

"என்னங்க தேடுறீங்க?" வாசலில் டேபிதா.

"ஒண்ணுமில்ல... இவன் யாரு?"

"உங்க கையில இருக்கிறவன் யாருன்னு மொதல்ல சொல்லுங்க."

கையிலிருந்தவனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க ஒடச்சது நான் வாங்கினதுங்க. நெஜமான இடைச்சிய ஹெட்டி கையிலயே வெச்சு அனுப்பிட்டேன். இருட்டுல தனியாக் கெடப்பாளே புள்ள."

"எங்கிட்ட சொல்லலியே?"

"எப்படிச் சொல்றது? கடைக்குக் கெளம்புறப்ப, யாரும் பாக்கலன்னு இடைச்சி கன்னத்தத் தடவிட்டுத்தானே போவீங்க? பலகை காலியாக் கெடந்தா தாங்குவீங்களா? நீங்கல்லாம் அவளப் பொதைக்கப் போயிருந்தப்பவே ஜோடியா வாங்கி, இவன இங்க படுக்க வெச்சேன்."

"அப்ப தெனமும் தொடச்சுத் தொடச்சு அழுதியே?"

"உங்க வெரல்ல இருக்கிற பொடிக் கறை அது கன்னத்துல ஒட்டியிருக்கும். அதத்தான் தொடைப்பேன். அதப் பாத்துத்தான் அழுவேன்."

ஆண்பிள்ளை நான் விம்மி விம்மி அழுதேன். டேபிதா இரண்டு இடையர்களையும் ஹெட்டியின் கவுனில் சுற்றி வைத்துப் பெட்டியை மூடினாள். என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒடச்சது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கூடத்துத் தரையெல்லாம் மூக்குப்பொடி. இனிமே தும்மறதுன்னா தெருவுல போய்த் தும்முங்க."