நான் செய்த நல்லது

பேசாதவன் நல்லவன் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். (பாவம், விசாரிக்க வந்தவர்களிடமும் நான் பேசவில்லை.)

மரக்காணத்தில் எனக்குத் தையல் கடை. என் மனைவி அஞ்சலை உப்பளத்தில் சுமை தூக்குகிறவள். பாத்தியிலிருந்து மேட்டுக்குத் தலையில் உப்புக் கூடை. வீட்டுக்கு வந்ததும் கழுத்து வலிக்குது என்பாள். நான் துணியைப் பார்த்துக்கொண்டே 'ம்' என்பேன். அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு, அவள் மனசைக் கரைத்துக் குடித்தவன் என்று என்னை நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன், மழை விட்டு உப்பளத்தில் வேலை தொடங்குகிற சமயம், அவளுக்குத் தெரியாமல் மேஸ்திரியைப் பார்த்தேன். இனி அவள் வரமாட்டாள், வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தேரை ஒற்றை ஆளாய் நிலை சேர்த்தவன்போலத் திரும்பினேன். வீட்டில் சொல்லவில்லை. அவளே போய்த் தெரிந்துகொண்டு சந்தோஷப்படட்டுமே. (இந்த மூளையோடு எப்படித்தான் அளவெடுத்து வெட்டினேனோ.)

முதல் நாள் சோற்றுத் தூக்கோடு போனவள், ஒரு மணி நேரத்தில் நேராக என் கடைக்கு வந்து நின்றாள். உன் வீட்டுக்காரர் உன்னை நிறுத்திவிட்டாரே என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொல்ல, சிரித்தார்களாம். கடையில் ஜாக்கெட் வாங்க வந்த இரண்டு பெண்கள் வேறு இருந்தார்கள்.

"நீதான தினம் வலிக்குதுன்ன," என்றேன்.

"வலிக்குதுன்னு சொன்னேன். நிறுத்தச் சொன்னேனா? அங்க பேசிச் சிரிக்கப் பத்துப் பொம்பளைங்க இருக்காங்க. வீட்டுல யாரு இருக்கா? நீயா?"

ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் கொக்கி சரியாக இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார்கள்.

மேஸ்திரியிடம் ஓடினேன். "ஏம்பா, உன் பேச்ச நம்பித்தான ஆள் போட்டேன்," என்றார். என் பேச்சை ஒருவர் மதித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பருவம் முழுக்க அஞ்சலை வீட்டில் இருந்தாள். நான் பேசுகிற அளவுக்குத்தான் அவளும் பேசினாள். அடுத்த வருடம் தூரத்தில் வேறொரு உப்பளத்தில் சேர்ந்தாள். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்றைக்கும் மருமகன் என்னிடம் ஏதாவது யோசனை கேட்டால் மகள் தடுத்துவிடுவாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க. நல்லது பண்ணிடுவாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். அஞ்சலையும் சிரிப்பாள். ஆனால் எங்கே வலிக்கிறது என்று அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் என்னிடம் சொன்னதில்லை.